கோட்டுக்கு உள்ளும் புறமும்

பிழை திருத்துவது ஆசிரியரின் அன்றாடக் கடமை. ஆயினும் திருத்தப்படும் பிழை யாருடையது என்ற வினா வகுப்பறையில் எளிதில் எழுவதில்லை. மாணவன் எழுதிய பிழை மாணவனுடையது என்றே கொள்ளப்படுகிறது. அவ்வாறு கொள்ள முடியாமற்போன ஒரு நாள், பேராக் மாநிலத்துச் சிற்றூர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியை ஒருவருக்கு வாய்த்தது.

முதலாம் ஆண்டு மாணவர்களுக்காக அவர் ஒரு பயிற்சித் தாளைக் கணினியில் ஆயத்தம் செய்திருந்தார். தாளில் 10 படங்கள். ஒவ்வொரு படத்தைச் சுற்றிலும் தடித்த கரிய கோடு. படத்தின் கீழே அதன் பெயர். பெயரைப் பார்த்து மாணவர்கள் மூன்று முறை எழுத வேண்டும். கல், பல், கண், மண் என எல்லாம் எளிய சொற்கள். வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் சரியாகவே எழுதிவிட்டனர். ஒரு சிறுவன் மட்டும் ‘பல்’ என்பதை மூன்று முறையும் ‘பல’ என்று எழுதியிருந்தான். ‘கல்’ அவன் கையில் ‘கல’ ஆகியிருந்தது. ஆசிரியை சிவப்பு மையால் புள்ளிகளை இட்டு, மதிப்பெண்ணைக் குறைத்து, அவனை அருகில் அழைத்தார்.

“பார்த்து எழுதச் சொன்னேனே, புள்ளி எங்கே?” என்று கேட்டார்.

சிறுவன் அஞ்சவில்லை. தாளின் மேற்பகுதியைச் சுட்டிக் காட்டி, “இங்கே புள்ளி இல்லையே, டீச்சர்” என்றான்.

ஆசிரியை குனிந்து பார்த்தார். புள்ளி இல்லைதான். படத்தின் அடிக்கோடு சொல்லின் தலைமேல் வந்து அமர்ந்திருந்தது. ஒரே பக்கத்தில் 10 படங்களும் அடங்க வேண்டுமென்று வரிகளின் உயரத்தை அவர் இறுக்கி வைத்திருந்தார். கணினித் திரையில் கோட்டுக்கும் புள்ளிக்கும் இடையே மயிரிழை அளவு வெண்மை தெரிந்தது உண்மை. நகலெடுக்கும் இயந்திரமோ கோட்டை இன்னும் சற்றுத் தடிக்கச் செய்து, அந்த வெண்மையை விழுங்கிவிட்டது. புள்ளி கோட்டோடு கலந்து கோடாகவே ஆகிவிட்டது.

அப்படியானால் மற்ற மாணவர்கள் எப்படிச் சரியாக எழுதினார்கள்? அவர்கள் பாலர்பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள். ‘பல்’ என்ற சொல் அவர்களுக்கு முன்பே பழக்கம். படத்தைக் கண்டவுடன் பழக்கத்தால் எழுதிவிட்டனர். பாலர்பள்ளிக்குச் செல்லாத அந்த ஒரு சிறுவன்தான் சொன்னபடியே தாளைப் பார்த்து எழுதினான். தாளை முழுமையாக நம்பியவன் ஒருவன். மதிப்பெண் இழந்தவனும் அவனே. இந்த எண்ணம் ஆசிரியையின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

தமிழில் புள்ளி ஓர் அணிகலன் அன்று. ஆங்கிலத்தில் ‘ஐ’ என்னும் சிற்றெழுத்தின் தலைப்புள்ளி மறைந்தாலும் எழுத்து மாறுவதில்லை, படிப்பவர் பொறுத்துக்கொள்வர். தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிறது. ‘பல்’ ‘பல’ ஆகிறது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் வகுத்த இலக்கணம். ஆயினும் ஓலைச் சுவடிகளில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்ற அச்சமே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது. புள்ளியில்லாத சுவடியைப் படிக்க இடமும் பொருளும் அறிந்த புலமை வேண்டியிருந்தது. அச்சு நூல்கள் பரவியபின் புள்ளி தன் இடத்தில் நிலைத்தது. எழுத்துக் கூட்டும் சிறு பிள்ளையும் தமிழைப் படிக்க முடிந்தது. அந்தப் புள்ளியைக் கணினியின் ஒரு கோடு மீண்டும் அழித்துவிட்டது என்றால், அதைச் சிறு குறை என்று ஒதுக்கிவிட முடியுமா?

அன்று மாலையே தாளைத் திருத்திவிட வேண்டுமென்று ஆசிரியை கணினிமுன் அமர்ந்தார். ‘கோட்டைச் சற்று விலக்கினால் போதும், ஐந்து நிமிட வேலை’ என்று நினைத்தார். இரவு பத்து மணிவரை வேலை முடியவில்லை.

அவர் பயன்படுத்தியது மைக்ரோசாஃப்ட் வேர்டு. படத்தைச் சுற்றிக் கோடு வரையும் இடம் அவருக்குத் தெரியும். கோட்டின் நிறம், தடிமன், வகை ஆகியவை அங்கே இருந்தன. கோடு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைக் குறிக்க அங்கே இடமே இல்லை. ‘பார்டர்’ என்ற பெயரில் வேறொரு பெட்டி உண்டென்று நினைவு வர, அதைத் திறந்தார். அதில் மேல், கீழ், இடம், வலம் என நான்கு அளவுகள் இருந்தன. மேலும் கீழும் 1 புள்ளியளவு, இடமும் வலமும் 4 புள்ளியளவு என்று மென்பொருளே முன்கூட்டி எழுதி வைத்திருந்தது. அச்சுத் துறையில் வழங்கும் இப்புள்ளியளவு ஓர் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. அதாவது ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர். ஆசிரியை அவற்றைக் கூட்டினார். படத்தின் கோடு அசையவில்லை. அதற்கு வெளியே புதிதாக இரண்டாவது கோடு ஒன்று முளைத்தது. அந்தப் பெட்டி படத்துக்கு உரியதன்று. படம் தங்கியிருந்த பத்திக்கு உரியது.

அதை நீக்கிவிட்டுப் படத்தின் அமைப்புப் பெட்டியைத் திறந்தார். எழுத்து படத்தைச் சூழும் முறையைக் குறிக்கும் பக்கத்தில், எழுத்திலிருந்து படம் விலகி நிற்க வேண்டிய தொலைவுக்கு நான்கு கட்டங்கள் இருந்தன. இடமும் வலமும் 0.32 செ.மீ.; மேலும் கீழும் 0. அவர் படத்துக்கு மேலும் கீழும் மட்டும் எழுத்து நிற்கும் முறையைத் தேர்ந்திருந்தமையால் இடம், வலம் என்ற கட்டங்கள் மங்கிக் கிடந்தன. ‘இவை ஏன் மங்கியுள்ளன?’ என்ற ஐயத்தில், படம் எழுத்தோடு எழுத்தாக வரியில் நிற்கும் முறைக்கு மாற்றிப் பார்த்தார். உடனே நான்கு கட்டங்களுமே மங்கிவிட்டன. அம்முறையில் படம் ஒரு பெரிய எழுத்தாகவே கருதப்படும். எழுத்துக்கு ஏது தனி இடைவெளி? அதுமட்டுமா? வரியின் உயரத்தை அவர் இறுக்கி வைத்திருந்ததால், பல்லின் படம் முழுவதும் மறைந்து அதன் அடிப்பகுதி மட்டும் ஒரு கீற்றாகத் தெரிந்தது. ஆசிரியை திகைத்துப்போனார். கட்டங்களைப் பழைய நிலைக்கே கொண்டுவந்து, கணினியை மூடினார்.

மறுநாள் பள்ளி நூலகக் கணினியில் லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரைத் திறந்து முயன்றார். அங்கே கோடு வரையும் பக்கத்திலேயே ‘பேடிங்’ என்று நான்கு கட்டங்கள் இருந்தன. ‘தேடியது கிடைத்தது’ என்று மகிழ்ந்து, நான்கிலும் 0.5 செ.மீ. என்று குறித்தார். கோட்டுக்கும் படத்துக்கும் இடையே அழகிய வெண்மை தோன்றியது. ஆனால் படம் சுருங்கிவிட்டது. 4 செ.மீ. அகலமும் 3 செ.மீ. உயரமும் கொண்ட படம், ஏறத்தாழ 3 செ.மீ. அகலமும் 2 செ.மீ. உயரமுமாகக் குறைந்து, பல் சற்றுத் தட்டையாகத் தோன்றியது. அந்த மென்பொருளில் அளவு என்று குறிக்கப்படுவது கோட்டையும் உள்ளிருக்கும் வெண்மையையும் சேர்த்த அளவு. வெண்மை வளர்ந்தால் படம் தேய வேண்டியதுதான். இத்தனைக்கும் பிறகு, கீழே நின்ற சொல்லின் தலையில் கோடு முன்போலவே அமர்ந்திருந்தது. அவர் விரித்தது கோட்டின் உட்புறத்தை. நெருக்கடி இருந்ததோ வெளிப்புறத்தில்.

ஆசிரியையின் தந்தை முதியவர். ஈப்போவில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோத்து வாழ்ந்தவர், கணினியைத் தொட்டறியாதவர். இரவு உணவின்போது மகளின் முகவாட்டம் கண்டு காரணம் கேட்டார். ஆசிரியை சொல்லிமுடித்ததும் முதியவர் மெல்ல நகைத்தார்.

“யாருக்கு இடம் வேண்டும் அம்மா? படத்துக்கா, எழுத்துக்கா?” என்று கேட்டார்.

“இரண்டுக்குந்தான் அப்பா.”

“இரண்டுக்கும் வேண்டுமென்றால் இரண்டு இடம் விட வேண்டும். ஒரே இடத்தை இருவருக்கும் கொடுக்க முடியாதே!”

பிறகு அவர் உணவு மேசையிலேயே தம் பழைய தொழிலை விளக்கிக் காட்டினார். அக்காலத்தில் படம் என்பது துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்து, மரக்கட்டைமேல் பதித்த அச்சு. அதைச் சுற்றிக் கோடு வேண்டுமானால் நான்கு பித்தளைப் பட்டைகளை நிறுத்த வேண்டும். படமும் கோடும் ஒட்டாதிருக்க வேண்டுமானால், பித்தளைக்கு உட்புறம் ஈயப் பட்டைகளைச் செருக வேண்டும். கோடும் எழுத்தும் ஒட்டாதிருக்க வேண்டுமானால், பித்தளைக்கு வெளிப்புறம் ஈயப் பட்டைகளைச் செருக வேண்டும். அந்த ஈயப் பட்டைகள் எழுத்தைவிட உயரம் குறைந்தவை. அதனால் மை படாமல், தாளில் வெண்மையாகவே நின்றுவிடும். முதியவர் ஒரு தீப்பெட்டியை நடுவில் வைத்து, அதைச் சுற்றி நான்கு கரண்டிக் காம்புகளை நிறுத்தி, உள்ளும் புறமும் விரலால் தொட்டுக் காட்டினார்.

“எங்களுக்குக் குழப்பமே வந்ததில்லை. வெள்ளை இடத்தைக் கையில் எடுத்துத்தான் வைப்போம். எடுத்த பட்டை கையில் கனக்கும். எங்கே வைத்தோம் என்று விரலுக்குத் தெரியும்” என்றார் அவர்.

மகளுக்கு அப்போதுதான் விளங்கியது. அச்சகத்தில் வெற்றிடமும் ஒரு பொருளாக இருந்தது, அதற்கு எடை உண்டு, இடம் உண்டு. கணினியில் அது வெறும் எண்ணாகிவிட்டது. ஒரே வகையான எண்கள் பல பெட்டிகளில் கிடக்கின்றன. எந்த எண் எந்த வெண்மைக்குரியது என்பதை விரல் அறிவதில்லை. அறிவுதான் அறிந்து சொல்ல வேண்டும்.

இதனை ஒரு வீட்டோடு ஒப்பிட்டால் மாணவர்க்கும் எளிதில் விளங்கும். படம் என்பது வீடு. கோடு என்பது வேலி. வீட்டுக்கும் வேலிக்கும் இடையே இருப்பது முற்றம். அது வீட்டாருக்கு உரியது. வேலிக்கு வெளியே இருப்பது தெரு. அது ஊருக்கு உரியது. கணினியார் ‘பேடிங்’ என்பது முற்றம். ‘மார்ஜின்’ என்றும், எழுத்திலிருந்து தொலைவு என்றும் அவர்கள் கூறுவது தெரு. முற்றத்தைப் பெருக்குவதால் தெரு அகலமாவதில்லை. மனையின் அளவு மாறாதிருக்க, முற்றத்தைப் பெரிதாக்கினால் வீடுதான் சிறிதாகும். ரைட்டரில் பல்லின் படம் சுருங்கியதற்குக் காரணம் இதுவே. வேர்டில் படத்துக்கு வீடும் வேலியும் தெருவும் உண்டு, முற்றம் இல்லை. வேலி சுவரை ஒட்டியே நிற்கும். முற்றம் வேண்டுவோர் படத்தை ஓர் எழுத்துப் பெட்டிக்குள்ளோ, ஒற்றைக் கட்டம் கொண்ட அட்டவணைக்குள்ளோ வைத்து, அந்தப் பெட்டிக்குக் கோடு இட வேண்டும். அங்கும் எண்கள் வேறுவேறு. எழுத்துப் பெட்டியின் உள்வெளி பொதுவாக இடமும் வலமும் 0.25 செ.மீ., மேலும் கீழும் 0.13 செ.மீ.; அட்டவணைக் கட்டத்தில் இடமும் வலமும் 0.19 செ.மீ., மேலும் கீழும் 0. ஒரே மென்பொருளுக்குள் ஒரே வேலைக்கு இத்தனை வழிகளும் இத்தனை அளவுகளும் இருந்தால், பழகாதவர் தடுமாறுவதில் வியப்பில்லை.

தடுமாறியவர் இந்த ஆசிரியை மட்டும் அல்லர். இணையப் பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். என்னும் விதிமுறை 1996 டிசம்பரில் முதன்முதலாக முறைப்படி வெளியானபோது முற்றம், வேலி, தெரு ஆகிய மூன்றையும் தனித்தனிப் பெயரிட்டே பிரித்தது. அவ்விதியின்படி அகலம் என்றால் உள்ளிருக்கும் பொருளின் அகலம் மட்டுமே. முற்றமும் வேலியும் அதற்குமேல் கூடுதல். ஆனால் அக்காலத்தில் பெருவழக்காயிருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, முற்றத்தையும் வேலியையும் சேர்த்தே அகலம் என்று கணக்கிட்டது. ஒரே பக்கம் ஓர் உலாவியில் ஒரு வகையாகவும் மற்றோர் உலாவியில் வேறு வகையாகவும் தோன்றியது. 2001-இல் வந்த அதன் 6-ஆம் பதிப்பு, விதியைப் பின்பற்றும் பக்கங்களுக்கு விதிப்படியே கணக்கிட்டது. பின்னாளில் எந்தக் கணக்கு வேண்டுமென்பதை ஆக்குவோரே தேர்ந்துகொள்ளும் வசதியும் விதிமுறையிலேயே சேர்க்கப்பட்டது. கருவிகளைப் படைத்தவர்களே ‘அளவு என்பது எதுவரை?’ என்ற வினாவில் வேறுபட்டு நின்றனர் என்றால், கருவியைக் கையாளும் ஆசிரியர் வெட்கப்பட வேண்டுவதில்லை. ஆனால் வினவாமல் இருக்கவும் கூடாது.

இங்குத் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இவற்றை வகுப்பில் சொல்லித் தரும்போது எல்லாவற்றையும் ‘இடைவெளி’ என்ற ஒரே சொல்லால் குறித்தால், குழப்பம் தமிழிலும் குடியேறும். தமிழில் சொல்லுக்குப் பஞ்சமா? சேலையின் ஓரத்துக்குக் கரை என்ற சொல் உண்டு. வயலின் எல்லைக்கு வரப்பு உண்டு. வீட்டுக்கு முற்றம் உண்டு. கோட்டைக் கரை என்றும், அதன் உட்புறத்து வெண்மையை உள்வெளி என்றும், வெளிப்புறத்து வெண்மையைப் புறவெளி என்றும் வழங்கலாம். வேறு நல்ல சொற்கள் கிடைத்தால் அவற்றையும் ஏற்கலாம். மூன்று பொருளுக்கு மூன்று சொல் இருக்க வேண்டும் என்பதுதான் முதன்மையானது. சொல் பிரிந்தால் எண்ணமும் பிரியும். எண்ணம் பிரிந்தால் கை தவறாது.

வேர்டு மேலும் கீழும் 0 என்று வைத்திருக்கும் அளவும் கவனத்துக்குரியது. தமிழ் எழுத்தின் உயிர்நாடியான குறிகள் பல, மேலும் கீழும் அமைந்தவை. புள்ளி எழுத்தின் தலைமேல் நிற்கிறது. இகர ஈகாரக் குறிகள் மேலே வளைகின்றன. குறிலா நெடிலா என்பதை அந்தச் சிறு சுழிதான் காட்டுகிறது. உகர ஊகார வடிவங்கள் பல வரிக்குக் கீழே இறங்குகின்றன. பக்கவாட்டில் நெருங்கினால் அழகு கெடும்; மேலும் கீழும் நெருங்கினால் எழுத்தே கெடும். ஆகவே தமிழ்த் தாள் ஆயத்தம் செய்வோர் அந்த 0-வை அப்படியே விட்டுவிடுதல் தகாது.

தந்தை கேட்ட ஒரே வினாவோடு ஆசிரியை மீண்டும் கணினிமுன் அமர்ந்தார். இடம் யாருக்கு? எழுத்துக்கு. அப்படியானால் தேட வேண்டியது புறவெளி. படத்தின் அமைப்புப் பெட்டியில் கீழ்த் தொலைவை 0.4 செ.மீ. என்று மாற்றினார். வரியின் உயரத்தை இறுக்கிய கட்டளையைத் தளர்த்தினார். தடித்த கோட்டை மெல்லிய கோடாக்கினார். 10 படங்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, இரண்டு பக்கங்களாயின. தாள் சிக்கனத்தைவிடப் புள்ளி பெரிது என்று துணிந்தார். முடிவில் திரையை நம்பாமல் ஒரு படி அச்சிட்டு, அதை நகலெடுத்து, அந்த நகலையே மீண்டும் நகலெடுத்துப் பார்த்தார். புள்ளி நின்றது. ஐந்து நிமிட வேலை என்று அவர் முதலில் நினைத்தது பொய்யன்று. வினா தெளிந்தபின் அந்த வேலைக்கு ஐந்து நிமிடமே ஆயிற்று.

மறுநாள் வகுப்பில் அவர் சிறுவனின் பழைய தாளை எடுத்து, குறைத்த மதிப்பெண்ணை அடித்துவிட்டு முழு மதிப்பெண் இட்டார். வகுப்பு முழுவதும் கேட்கும்படி, “இந்தத் தாளில் பிழை என்னுடையது. இவன் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதினான்” என்று கூறினார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஆசிரியருக்கும் பிழை வரும் என்பது அவர்களுக்குப் புதிய பாடமாக இருந்தது.

அது முதல் அந்தச் சிறுவனுக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்தத் தாளைக் கொடுத்தாலும் எழுதத் தொடங்குமுன் அவன் விரலை வரியின்மேல் ஓட்டி, புள்ளிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்பான். ஆசிரியையும் தாளை அச்சுக்கு அனுப்புமுன் அவ்வாறே விரலை ஓட்டிப் பார்க்கிறார்.